தக்காளி நாற்றுப் பருவம்

தமிழ்நாட்டில் தக்காளி ஆண்டு முழுவதும் பயிராகிறது. ஆனால் எல்லா மாதமும் ஒன்றுபோல் காய்ப்பதில்லை. விதைக்கும் நாளைத் தீர்மானிக்க வேண்டியது பூக்கும் காலத்து வெயில். நாற்றங்காலில் 25 நாள், நட்டு ஏறக்குறைய ஒரு மாதத்தில் பூ, அதற்கடுத்த மாதத்தில் முதல் பறிப்பு என்பது பொதுக்கணக்கு. பூக்கும்போது இரவு வெப்பம் 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் இருந்தால் காய்ப்பிடிப்பு நன்றாக அமையும். பகல் 35 டிகிரியைத் தாண்டி இரவும் தணியாவிட்டால், மகரந்தம் வீரியம் இழந்து பூ உதிரும். கடும் வெயிலில் பழுக்கும் காயில் சிவப்பு நிறமியான லைக்கோபீன் சரியாக உருவாகாததால் மஞ்சளோடிய பழமே கிடைக்கும்.

மே, ஜூனில் விதைத்த பயிர் ஜூலை, ஆகஸ்டில் பூக்கும். அப்போது தென்மேற்குப் பருவக்காற்றால் உடுமலைப்பேட்டை, கிணத்துக்கடவு வட்டாரங்களில் வெக்கை தணிந்திருக்கும். நவம்பரில் விதைத்து, அடைமழை ஓய்ந்தபின் டிசம்பரில் நடும் பயிர் தை மாதக் குளிரில் பூக்கிறது. சமவெளிக்கு இதைவிட நல்ல பட்டம் இல்லை. ஆனால் இந்த நாற்றங்கால் மழையில் சிக்கும். தண்ணீர் தேங்கினால் இரண்டே நாளில் நாற்றழுகல் பாத்தியையே சாய்த்துவிடும். மேட்டுப்பாத்தியும், கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி நேர்த்தியும் அப்போது கட்டாயம்.

பிப்ரவரி, மார்ச் விதைப்பு கோடை விலையை நம்பிச் செய்யப்படுவது. ஓசூர் போன்ற மேட்டு நிலங்களுக்கு அது பொருந்தும். சமவெளியில் இதில் இறங்குவது துணிச்சலான காரியம். ஏப்ரல், மே வெயிலில் பூ கொட்டுவதோடு, வெள்ளை ஈ பெருகி இலைச்சுருள் நச்சுயிரியையும் பரப்பும். இளம் வயதில் இந்நோய் தாக்கிய செடி பெரும்பாலும் காய்க்காது. அதனால் நாற்று முளைத்த நாளிலிருந்தே நெருக்கமான நைலான் வலைக்குள் வளர்வது நல்லது. இலைச்சுருளைத் தாங்கும் அர்கா ரக்ஷக் போன்ற வீரிய ஒட்டு ரகங்களும் உள்ளன.

விதைக்கும் முன்பே எண்ணிப் பார்க்க வேண்டிய இன்னொரு கணக்கு செண்டுமல்லி. காய்ப்புழுவை ஈர்க்கும் பொறிப்பயிராக இதைத் தக்காளி வரிசைகளுக்கு இடையே நடுவார்கள். 40 நாள் செண்டுமல்லி நாற்றும் 25 நாள் தக்காளி நாற்றும் ஒரே நாளில் வயலுக்குப் போனால்தான் இரண்டும் ஒருசேரப் பூக்கும். எனவே செண்டுமல்லி விதை 15 நாள் முந்த வேண்டும்.

நாலைந்து இலையோடு, தண்டு தடித்து நிற்பதே நடவுக்கேற்ற நாற்று. குழித்தட்டில் அதிக நாள் விட்டால் வேர் சுருண்டுகொள்ளும். நட்டபின் செடி எழும்ப நாளாகும். நெட்டையாக வளர்ந்துவிட்ட நாற்றைத் தண்டு புதையும்படி ஆழமாக நடலாம். புதைந்த தண்டிலிருந்தும் வேர் விடுவது தக்காளியின் இயல்பு. நடவுக்கு ஒரு வாரம் முன்பிருந்து தண்ணீரைக் குறைத்து, நிழலையும் படிப்படியாக நீக்கி நாற்றை வெயிலுக்குப் பழக்குவார்கள். வெயில் தாழ்ந்தபின் நட்டு உடனே தண்ணீர் பாய்ச்சி, மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர் விடுவது வழக்கம். பிடிக்காத நாற்றுகளுக்குப் பதில் ஒரு வாரத்துக்குள் வேறு நாற்று நட்டால்தான் வயல் முழுதும் ஒரே சீராகப் பூக்கும்.