பனி, பட்டு, வெடியுப்பு: ஷிராகாவாவின் கூரைகள்

ஜப்பானின் ஹொன்ஷூ தீவின் நடுவே, கிஃபு மாவட்ட மலைகளுக்கிடையில் ஷோ ஆறு ஓடும் ஒடுங்கிய பள்ளத்தாக்கில் இருக்கிறது ஷிராகாவா. ஆற்றின் போக்கில் வடக்கே போனால் தொயாமா மாவட்டத்தின் கொகயாமா வரும். சைபீரியாவிலிருந்து வீசும் குளிர்காற்று ஜப்பான் கடலில் ஈரத்தை வாங்கிவந்து இந்த மலைகளில் பனியாகக் கொட்டுகிறது. ஆளுயரத்துக்கு மேல் பனி சேர்வது இங்கே புதுமையல்ல. நல்ல சாலைகள் வரும்வரை இவ்வூர்கள் குளிர்காலம் முழுக்கத் துண்டிக்கப்பட்டே கிடந்தன.

நெல்லுக்கு ஏற்ற சமநிலம் குறைவு. சரிவுகளில் காட்டை வெட்டி எரித்துக் குதிரைவாலியும் தினையும் விதைத்தார்கள். வயிற்றுப்பாட்டுக்கு அது போதலாம். வரி கட்டவும் உப்பு வாங்கவும் காசு வேண்டுமே. அந்தக் காசு பட்டு, கைக்காகிதம், வெடியுப்பு ஆகியவற்றிலிருந்து வந்தது. இன்று சுற்றுலாப் படங்களில் அழகுக்காகக் காட்டப்படும் ‘கஷ்ஷோ’ வீடுகள் உண்மையில் இந்தத் தொழில்களின் பட்டறைகள்.

கும்பிடும் கைகளைப் போலச் செங்குத்தாக எழும் கூரை, ஏறத்தாழ 60 பாகைச் சரிவில் பனியை வழிந்து விழச் செய்கிறது. கூரையின் இரு பக்கங்களும் கிழக்கையும் மேற்கையும் பார்ப்பதால் இரண்டிலும் வெயில் பட்டுப் பனி உருகும். தூணும் உத்தரமும் கொண்ட கீழ்த்தளம் தச்சர் வேலை. கூரைச் சட்டத்தை ஊராரே கட்டினார்கள். அதில் ஆணி கிடையாது. வைக்கோல் கயிறும் முறுக்கிய இளங்கிளைகளுமே கட்டு. கைமரங்களின் அடியைக் கூராகச் சீவி உத்தரத்தின் குழியில் நிறுத்திவிடுவார்கள். இறுக்கிப் பூட்டாததால் காற்றடிக்கும்போது சட்டம் சற்றே அசைந்து கொடுக்கும். பனிப்பாரத்தில் அடிமரம் வளைந்தே வளரும் சரிவு மரங்களையும் தச்சர்கள் வீணாக்கவில்லை. அந்த வளைவோடே உத்தரமாக ஏற்றினார்கள்.

எடோ ஆட்சிக் காலத்தின் பிற்பகுதியில் பட்டுத் தொழில் பெருகியபோது, கூரைக்குள் இரண்டு மூன்று அடுக்குப் பரண்கள் அமைந்தன. கீழே கணப்பில் எரியும் நெருப்பின் சூடு இடைவெளி விட்ட பலகைகள் வழியே மேலேறிப் பட்டுப்புழுக்களைக் காத்தது. அந்த நெருப்பின் புகை கூரைப்புல்லையும் கயிற்றையும் பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொண்டது.

வெடியுப்பு தரைக்கு அடியில் விளைந்தது. கணப்பின் பக்கத்தில் ஆழக் குழி தோண்டி மண், பட்டுப்புழு எச்சம், மாசிபத்திரி போன்ற செடிகள், சிறுநீர் ஆகியவற்றை அடுக்கடுக்காக இட்டு, அவ்வப்போது கிளறி, சில ஆண்டுகள் மட்க விடுவார்கள். பிறகு அந்த மண்ணை நீரில் கரைத்து வடித்து, சாம்பல் சேர்த்துக் காய்ச்சினால் உப்பு படியும். கொகயாமாவின் சரக்கு காகா பிரபுக்களான மயேதா குடும்பத்தின் வெடிமருந்துக்குப் போனது. பின்னர் மெய்ஜி ஆட்சிக் காலத்தில் வெளிநாட்டு வெடியுப்பு மலிவாக வந்திறங்கியதும் தொழில் படுத்துவிட்டது.

பங்கிட நிலமில்லாத, ஷிராகாவாவின் நக்காகிரி பகுதியில் ஒரே வீட்டில் இருபது, முப்பது பேர் வாழ்ந்தார்கள். மூத்த மகன் மட்டுமே முறைப்படி மணந்து மனைவியை வீட்டுக்கு அழைத்துவருவான். தம்பிமார் தம் துணைவியரின் வீட்டுக்குப் போய்வருவார்கள். பிள்ளைகள் தாய்வீட்டில் வளர்வார்கள். உழைக்கும் கைகள் பிறந்த வீட்டிலேயே தங்குவதற்கான ஏற்பாடு இது.

முப்பது நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை கூரை மாற்றுவது ஒரு குடும்பத்தால் ஆகிற காரியமல்ல. ‘யுய்’ என்ற மாற்றாள் முறையில் நூறு, இருநூறு பேர் திரண்டு ஒரு பக்கத்தை ஒரே நாளில் வேய்ந்துவிடுவார்கள். யார் எத்தனை கட்டுப் புல், எவ்வளவு கயிறு தந்தார் என்பதெல்லாம் குறிப்பேட்டில் ஏறும். அவர் வீட்டு முறை வரும்போது திருப்பித் தர வேண்டும்.

1935-இல் ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் புருனோ டவுட் இங்கு வந்து இந்த வீடுகளைப் புகழ்ந்து எழுதினார். அதன் பிறகும் அழிவு நிற்கவில்லை. 1961-இல் முடிந்த மிபோரோ அணையின் நீரில் சில ஊர்கள் மூழ்கின. பல வீடுகள் பிரித்து விற்கப்பட்டன. 1971-இல் ஷிராகாவாவின் ஒகிமாச்சி ஊரார் கூடி, வீட்டை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று உறுதியெடுத்தனர். 1995-இல் ஒகிமாச்சியும் கொகயாமாவின் ஐனோகுரா, சுகனுமா ஊர்களும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. பரண்களில் இன்று பட்டுப்புழு இல்லை. சமையல் எரிவாயுவுக்கு மாறிய வீடுகளில் புகையும் குறைந்துவிட்டதால், கூரைப்புல் முன்பைவிட விரைவாக மட்குகிறது.