குக்கியும் அடையாள அட்டையும்: இரண்டு இலக்கங்களின் வரலாறு

அக்கராயனில் இருந்துகொண்டு கைபேசியில் ஒரு வெளிநாட்டுச் செய்தித் தளத்தைத் திறந்தால், செய்திக்கு முன்னால் ஓர் அறிவித்தல் வந்து வழிமறிக்கின்றது. ‘நாங்கள் குக்கிகளைப் பயன்படுத்துகிறோம். ஏற்றுக்கொள்கிறீர்களா?’ என்பது அதன் சாரம். குளத்து வேலைக்குப் போய்வந்த களைப்பில் இருப்பவரும், பரீட்சைக்குப் படிக்கும் மாணவியும் அதை வாசிப்பதில்லை. ‘ஆம்’ என்பதை அழுத்திவிட்டு உள்ளே போகின்றனர். அதற்காக அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. பெயர் என்ன, இலக்கம் என்ன, எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்ற வினாக்களுக்கு விடை சொல்லாமல் எந்தப் பாதையையும் கடந்திராத மக்கள் இவர்கள். கேட்டால் கொடுத்துவிட்டுப் போவதே வன்னியில் கற்றுக்கொண்ட வழக்கம்.

ஆயினும் குக்கியின் பிறப்பைத் தேடிப் போனபோது, எமது சட்டைப்பையில் அரை நூற்றாண்டாகக் கிடக்கும் தேசிய அடையாள அட்டையின் கதைக்கு நேரெதிரான ஒரு முடிவு அங்கே எடுக்கப்பட்டிருந்ததைக் கண்டேன். அதைப் பதிவுசெய்யவே இந்தக் கட்டுரை.

இணையத்தளத்தைப் பரிமாறும் கணினிக்கு இயல்பில் ஞாபகம் கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்பீர்கள், அது தரும், தந்தவுடன் உங்களை மறந்துவிடும். அடுத்த பக்கத்தைக் கேட்கும்போது நீங்கள் அதற்குப் புதிய ஆள். செய்தி வாசிப்பவருக்கு இதனால் இடைஞ்சல் இல்லை. கடை நடத்துபவருக்கோ பெரும் இடைஞ்சல். கூடையில் ஒரு பொருளை இட்ட வாடிக்கையாளர் அடுத்த அலுமாரிக்குத் திரும்பியதும் அவர் யாரென்று கடைக்காரர் மறந்துபோனால் வியாபாரம் நடக்குமா? 1994 இல் நெற்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொன்டுலி என்ற பொறியியலாளரிடம் இந்தச் சிக்கல் வந்து சேர்ந்தது.

மிக இலகுவான தீர்வு ஒன்று இருந்தது. ஒவ்வோர் உலாவிக்கும் நிலையான ஓர் இலக்கத்தைக் கொடுத்து, அது போகுமிடமெல்லாம் அந்த இலக்கத்தைக் காட்டச் செய்வது. மொன்டுலி அதை விரும்பவில்லை. எல்லாத் தளங்களும் ஒரே இலக்கத்தைக் கண்டால், தங்கள் பதிவேடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஒரு மனிதரின் நடமாட்டம் முழுவதையும் கோத்துவிடலாம் என்பதை அவர் அப்போதே உணர்ந்திருந்தார். எனவே ஒவ்வொரு தளமும் தனக்கென ஒரு துண்டுச்சீட்டை எழுதி உலாவியிடம் கொடுத்துவைக்கும் முறையை அவர் அமைத்தார். அந்தச் சீட்டு, எழுதிய தளத்துக்கு மட்டுமே திரும்பக் காட்டப்படும். இந்தப் படலைக்குக் கொடுத்த சீட்டு அடுத்த படலையில் செல்லாது. கணினியாளரிடையே முன்பே வழங்கிவந்த ‘மாயக் குக்கி’ என்ற சொல்லைச் சுருக்கி அதற்குப் பெயரும் வைத்தார்.

இனி எமது இலக்கத்துக்கு வருவோம். 1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ், 1972 முதல் இலங்கையில் அடையாள அட்டைகள் வழங்கப்பட்டன. பழைய அட்டையின் இலக்கத்தை வாசிக்கத் தெரிந்தவருக்கு அது வெறும் எண் அன்று. முதல் இரு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாயின் அதனுடன் 500 சேர்க்கப்படும். 1970 பெப்ரவரி 1 ஆந் திகதி பிறந்த பெண்ணின் இலக்கம் 70532 என்று தொடங்கும். 2016 இல் வந்த பன்னிரண்டு இலக்க முறையிலும் ஆண்டு நான்கு இலக்கமாயிற்றேயன்றி அடிப்படை மாறவில்லை. வயதையும் பாலினையும் கேட்காமலே சொல்லிவிடும் இந்த எண்ணையே வங்கியிலும் கச்சேரியிலும் வைத்தியசாலையிலும் தொலைபேசிக் கடையிலும் ஒப்புவிக்கின்றோம்.

அட்டை மற்றொன்றையும் சொன்னது. 2014 வரை ஏனைய மாகாணங்களில் அட்டைகள் சிங்களத்தில் மாத்திரம் வழங்கப்பட, வடக்கு, கிழக்கு மாகாணங்களில் வழங்கப்பட்டவை சிங்களத்திலும் தமிழிலும் அமைந்திருந்தன. தமிழுக்குக் கிடைத்த அந்தச் சிறு இடமே கொழும்புச் சோதனைச்சாவடியில் வினையாயிற்று. பெயரை வாசிப்பதற்கு முன்பே அட்டை வைத்திருப்பவரின் ஊர்ப்பக்கம் தெரிந்துவிடும்.

ஒரு தேவைக்காக எழுதப்பட்ட பதிவு வேறொரு தேவைக்குக் கைமாறுவதே இந்த விடயத்தின் உயிர்நாடி. இதற்கு எங்கள் நாட்டில் உள்ள கொடிய எடுத்துக்காட்டு 1983 யூலை. கொழும்பில் தமிழர் வீடுகளையும் கடைகளையும் தேடிவந்த கும்பல்களின் கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்தமை பல சாட்சியங்களில் பதிவாகியுள்ளது. வாக்களிக்கும் உரிமையை உறுதிசெய்வதற்காக, எவரும் பார்வையிடலாம் என்ற நல்ல நோக்குடன் பேணப்பட்ட ஆவணம் அது. அதில் பெயரும் வீட்டு முகவரியும் இருந்தன. தெருத்தெருவாகத் தமிழ்ப் பெயர்களைப் பிரித்தெடுக்க வேறெதுவும் தேவைப்படவில்லை. 1977 இலும் 1983 இலும் தெற்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் விரட்டப்பட்டவர்களில் பலர் வந்து குடியேறிய மண்தான் வவுனியாவும் கிளிநொச்சியும். இங்குள்ள முதியவர்களிடம் ‘தரவுப் பாதுகாப்பு’ என்று சொன்னால் விளங்காமற் போகலாம். இடாப்பு என்று சொன்னால் விளங்கும்.

வன்னிக்குள்ளும் பதிவேடுகளுக்குக் குறைவிருக்கவில்லை. போர்க்காலத்தில் வன்னியை விட்டு வெளியேற விரும்பியவர் விடுதலைப் புலிகளிடம் ‘பாஸ்’ பெறவேண்டியிருந்தது. 2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறக்கப்பட்ட பின்னர், ஓமந்தையில் இராணுவம் ஒரு முறையும் அப்பால் புலிகள் ஒரு முறையும் பயணிகளைப் பதிந்தனர். 2006 ஓகஸ்டில் அந்தப் பாதையும் மூடப்பட்டது. கொழும்பில் தங்கும் வடக்கு, கிழக்குத் தமிழர் பொலிஸில் பதியவேண்டும் என்றிருந்தது. 2007 யூன் 7 ஆந் திகதி அதிகாலையில் கொழும்பு விடுதிகளிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழர் பேருந்துகளில் ஏற்றி வவுனியா முதலான இடங்களுக்கு அனுப்பப்பட்டபோது, பதிவு எவருக்கும் கவசமாகவில்லை. மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த பின்னரே அது நின்றது.

2008 இன் பிற்பகுதியில் அக்கராயன் மக்கள் குளத்தையும் வயலையும் விட்டுக் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தனர். முகாம் வாழ்வுக்குப் பின் ஊர் திரும்பியவர்கள் வீடு திருத்திக்கொண்டிருந்த காலத்தில், யாழ்ப்பாணம், கிளிநொச்சி மாவட்டங்களில் படையினர் வீடுவீடாகக் குடும்ப விபரங்களையும் புகைப்படங்களையும் திரட்டினர். இதை எதிர்த்து 2011 இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தனர். பதிவு நிறுத்தப்படும் என்று சட்டமா அதிபர் தரப்பு நீதிமன்றத்துக்கு உறுதியளித்தது. என்னைப் பொறுத்தவரை, எமது நாட்டின் அந்தரங்க உரிமை வரலாற்றில் கொழும்புக் கருத்தரங்குகள் எல்லாவற்றையும்விட இந்த மனு முக்கியமானது. அதைச் சட்ட மாணவர்கள்கூட அந்தக் கண்கொண்டு வாசிப்பதில்லை.

மொன்டுலியின் துண்டுச்சீட்டுக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுவே. ஒரு செய்திப் பக்கத்தில் உள்ள விளம்பரப் படம் அந்தச் செய்தித் தளத்திலிருந்து வருவதில்லை. விளம்பர நிறுவனமொன்றின் கணினியிலிருந்து வருகின்றது. படத்தைக் கொடுக்கும்போது அந்த நிறுவனமும் தன் சீட்டை எழுதி வைத்துவிடும். அதே நிறுவனத்தின் படம் ஆயிரம் தளங்களில் இருந்தால், ஆயிரம் படலைகளிலும் ஒரே ஆள் ஒரே கொப்பியுடன் உட்கார்ந்திருப்பதற்கு ஒப்பாகும். மூன்றாந் தரப்புக் குக்கி என்பது இதுதான். 1996 பெப்ரவரியில் லண்டன் ‘பினான்சியல் ரைம்ஸ்’ எழுதிய பின்னரே குக்கி என்ற ஒன்று இருப்பது பொதுமக்களுக்குத் தெரியவந்தது. 1997 பெப்ரவரியில் டேவிட் கிறிஸ்டலும் மொன்டுலியும் எழுதிய தொழில்நுட்ப வரைவு, பயனர் விரும்பினாலன்றி மூன்றாந் தரப்புக் குக்கிகளை உலாவி ஏற்கக்கூடாது என்றது. உலாவி நிறுவனங்கள் அதைப் பின்பற்றவில்லை, நெற்ஸ்கேப் உட்பட. குக்கியை மூடினால் விளம்பரக்காரர் கண்ணுக்குத் தெரியாத வேறு வழியைக் கண்டுபிடிப்பர். குக்கியையாவது பயனர் பார்க்கலாம், அழிக்கலாம் என்பது மொன்டுலி பின்னாளில் கூறிய நியாயம். அது சாட்டுப்போலத் தோன்றினாலும் முற்றிலும் பொய்க்கவில்லை.

ஏனெனில், பிற்காலத்தில் ‘சபாரி’யும் ‘பயர்பொக்ஸ்’ உலாவியும் அந்தக் குக்கிகளைத் தடுக்கத் தொடங்கியபோது, இணையப் பாவனை பெருமளவில் கைபேசிச் செயலிகளுக்கு மாறிவிட்டிருந்தது. அங்கே ஒவ்வொரு கைபேசிக்கும் விளம்பர இலக்கம் ஒன்று உண்டு. அதை எந்தச் செயலியும் கேட்டு வாங்கக்கூடியதாக இருந்தது. 1994 இல் மொன்டுலி ஒதுக்கிய அதே ஒற்றை இலக்கம்! 2021 இல் அப்பிள் நிறுவனம் பயனரின் அனுமதியின்றி அதைக் கொடுக்கக்கூடாது என்றாக்கியது. கூகுளோ குக்கிகளை இரண்டு ஆண்டுகளில் ஒழிப்பதாக 2020 இல் அறிவித்து, பலமுறை தவணை கேட்டு, 2024 யூலையில் அந்த எண்ணத்தையே கைவிட்டது.

திரையில் வழிமறிக்கும் அறிவித்தல் ஐரோப்பாவின் கைங்கரியம். 2009 இல் திருத்தப்பட்ட அதன் பணிப்புரை குக்கிக்கு முன்னனுமதி கோரியது. 2018 மே 25 இல் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி அந்த அனுமதி எப்படிப்பட்டதாக இருக்கவேண்டும் என்பதை இறுக்கியது. முன்கூட்டியே சரி அடையாளம் இடப்பட்ட பெட்டி சம்மதமாகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 ஒக்டோபரில் தீர்ப்பளித்தது. ஏற்பதைப்போல மறுப்பதும் இலகுவாக இருக்கவில்லை என்பதற்காக 2022 சனவரியில் பிரெஞ்சு அதிகாரசபை கூகுளுக்கு 15 கோடி யூரோவும் பேஸ்புக்கிற்கு 6 கோடி யூரோவும் தண்டம் விதித்துள்ளதாக அறிவித்தது. சோதனைச்சாவடியில் நின்று பழகியவர்களுக்கு இந்தத் தீர்ப்பின் நியாயம் உடனே பிடிபடும். மறுத்தால் வீடுபோய்ச் சேரமுடியாத இடத்தில் ‘ஆம்’ என்பதற்குப் பொருளில்லை.

இலங்கையும் 2022 மார்ச்சில் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. இன்ன நோக்கத்துக்கு என்று சொல்லிப் பெற்ற விபரத்தை அந்த நோக்கத்துக்கே பயன்படுத்தவேண்டும் என்பது அதன் அடிப்படை விதிகளுள் ஒன்று. தனியார் நிறுவனங்களை மாத்திரமன்றி அரச அமைப்புகளையும் அது கட்டுப்படுத்தும். தேசிய பாதுகாப்பின் பெயரால் விலக்குக்கு இடமும் அதில் உண்டு. சட்டத்தின் முக்கிய பகுதிகள் 2025 மார்ச் 18 இல் நடைமுறைக்கு வரும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. அந்தத் திகதி வருவதற்கு முன்னரே அது பிற்போடப்பட்டது. தன்னைப் பற்றிய விபரத்தை அழிக்கும்படி கோரும் உரிமை, அவ்வாறு பிற்போடப்பட்ட பகுதிகளுக்குள்தான் இருந்தது.