முதல் வாரக் கூட்டம்



பினாங்குத் தீவுக்கு எதிரே, பெருநிலத்தில், பட்டர்வொர்த்திலிருந்து புக்கிட் மெர்தாஜம் செல்லும் இரயில் பாதையில் உள்ள ஊர் புக்கிட் தெங்கா. அந்தச் செபராங் பிறை வட்டாரத்திலே முதலில் கரும்பு வந்தது, பிறகு ரப்பர், பிறகு செம்பனை, அதற்கும் பிறகு தொழிற்சாலைகள். நான்கிலும் நம்மவர் கை பட்டிருக்கிறது. அங்கே உறவினர் ஒருவர் வீட்டுக்கு அண்மையில் சென்றிருந்தேன். தாத்தா பால்மரம் வெட்டியவர். மகன் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். பேரன் ஐந்தாம் படிவ மாணவன். நான் போன நேரம், வீட்டில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது.

“அப்பா, வெள்ளிக்கிழமை புது கேம் வருது. அன்னைக்கே வாங்கிக் கொடுங்கப்பா.”

“எவ்வளவுடா?”

“முந்நூறு வெள்ளிகிட்ட வரும்.”

தகப்பனார் பேசவில்லை. தாத்தாதான் கேட்டார். “ஏன்யா, ரெண்டு மாசம் கழிச்சு வாங்கினா ஆட்டம் மாறிப் போயிடுமா?”

“மாறாது தாத்தா. ஆனா அதுக்குள்ள எல்லாரும் ஆடி முடிச்சிருப்பாங்க. யாரும் அதைப் பத்திப் பேசவே மாட்டாங்க. கடையில விலையும் இறங்கிடும்.”

“விலை இறங்குமா? அப்ப எதுக்கு இப்ப வாங்கணும்?”

பையனுக்கு விடை சொல்லத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் அப்போது தெரியவில்லை. ஒரு பொருள் கடைக்கு வந்த முதல் வாரத்தில் மலைபோல் விற்கிறது. அடுத்த வாரமே விற்பனை சரிந்துவிடுகிறது. பொருள் கெட்டுப்போகவில்லை, குறைந்துபோகவும் இல்லை. பின் ஏன் இந்தச் சரிவு? தாத்தாவின் கேள்வியைப் பின்தொடர்ந்து போனால் அது ஒரு சரித்திரமாக விரிகிறது.

முதலில் சரிவின் அளவைப் பார்ப்போம். 2013ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5’ என்னும் வீடியோ விளையாட்டு வெளியாயிற்று. அது சிறுவர்க்கு உரியதன்று. கணக்குக்காக மட்டுமே சொல்கிறேன். முதல் நாளில் 800 மில்லியன் அமெரிக்க டாலருக்கு விற்றதாக நிறுவனத்தார் அறிவித்தார்கள். மூன்று நாட்களில் 1,000 மில்லியன் டாலரைத் தொட்டது என்றார்கள். உலகமே வியந்தது. ஆனால் அந்தக் கணக்கையே இன்னொரு முறை பாருங்கள். முதல் நாள் 800 என்றால், இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் சேர்ந்து ஏறக்குறைய 200. உச்சத்திலிருந்து இறக்கம் மறுவாரத்தில் தொடங்கவில்லை, மறுநாளே தொடங்கிவிட்டது.

இதற்கு எளிய காரணம் ஒன்று உண்டு. அரிசி தீர்ந்தால் மறுபடி வாங்குகிறோம். சவர்க்காரம் கரைந்தால் மறுபடி வாங்குகிறோம். விளையாட்டை ஒருவர் ஒரு முறைதான் வாங்குவார். அது வெளிவருகிறது என்று ஓராண்டுக்கு முன்பே விளம்பரம் செய்து, பெயரைப் பதிந்துகொண்டு காத்திருக்கச் சொல்கிறார்கள். மாதக்கணக்கில் சேர்ந்த அந்த ஆசையெல்லாம் ஒரே நாளில் கடை வாசலில் வந்து நிற்கிறது. அணைக்கட்டின் மதகைத் திறந்தால் முதலில் பாய்வது பல நாள் தேங்கிய தண்ணீர். அது வடிந்த பிறகு வருவது ஆற்றின் அன்றாட ஓட்டம். இரண்டாம் வாரத்து விற்பனைதான் அந்த ஓட்டம்.

அப்படியானால், மதகைக் கட்டியவர் யார்? இங்கேதான் சரித்திரம் வருகிறது. முன்பெல்லாம் இப்படி ஒரு முதல் நாள் கிடையாது.

தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. திடலிலே வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டுவார்களே, அந்தப் படம் நம்மிடம் வரும்போது பட்டணத்தில் அது பழைய படம். ஒரு படத்துக்குச் சில பிரதிகள்தாம் இருக்கும். படப்பெட்டி ஒரு கொட்டகையில் ஓடி முடிந்து அடுத்த ஊருக்குப் போகும். அங்கிருந்து அடுத்த ஊர். கடைசியில் தோட்டம். படச்சுருளில் கீறல் விழுந்து மழை பெய்வதுபோல் தெரியும். அதற்காக யாரும் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனதில்லை. தியாகராஜ பாகவதர் நடித்த ‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளிக்கு வெளிவந்து, சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது என்பார்கள். மலாயா அப்போது ஜப்பானியர் பிடியில் இருந்தது. மூன்று தீபாவளி என்றால் என்ன பொருள்? அவசரமே இல்லை என்று பொருள். இன்று பார்க்காதவர் அடுத்த மாதம் பார்ப்பார். பார்த்தவர் சொன்னதைக் கேட்டு மற்றவர் வருவார். படம் நல்லதா என்பதை அறிய மக்களுக்கு நேரம் இருந்தது.

இந்த முறை உலகெங்கும் மெல்ல மாறியது. மாற்றத்துக்கு அடையாளமாகப் பலரும் காட்டுவது 1975 ஜூன் 20இல் அமெரிக்காவில் வெளியான ‘ஜாஸ்’ என்னும் சுறாமீன் படத்தை. தொலைக்காட்சியில் ஓயாமல் விளம்பரம் செய்து, 400க்கும் மேற்பட்ட கொட்டகைகளில் ஒரே நாளில் திரையிட்டார்கள். படம் எப்படி என்று ஊரார் பேசி முடிப்பதற்குள் வசூல் பெட்டிக்கு வந்துவிட்டது. தமிழ்ப் படமும் அந்த வழிக்கு வந்து சேர்ந்தது. தோட்டத் தொழிலாளர் வழிவந்த மலேசியத் தமிழன் ஒருவனின் கதையைச் சொன்ன ‘கபாலி’ 2016 ஜூலை 22இல் சென்னையில் திரையிடப்பட்ட அதே நாளில் நம் நாட்டிலும் வந்தது. இப்போது படப்பெட்டி ஊர் ஊராகப் போவதில்லை. தோட்டத்துப் பிள்ளையும் பட்டணத்துப் பிள்ளையும் ஒரே நாளில் பார்க்கலாம், அது நல்லதுதான். ஆனால் ஓடும் நாட்கள் சுருங்கிவிட்டன.

வீடியோ விளையாட்டும் இதே பாதையில்தான் நடந்தது. 1978இல் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’, 1980இல் ‘பேக்மேன்’ என்று அலமாரி அளவு இயந்திரங்கள் வந்தன. ஆட வேண்டுமானால் காசு போட வேண்டும். தோற்றால் மறுபடியும் காசு. அங்கே முதல் வாரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரே இயந்திரம் ஆண்டுக்கணக்கில் காசு தின்றது. அந்த விளையாட்டு வீட்டுக்குள் வந்து, தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்த கருவியில் செருகும் கேசட்டாக மாறியபோதுதான் கணக்கு மாறியது. பத்து ஆண்டு சில்லறையாக வர வேண்டியது, ஒரே நாளில் நோட்டாக வந்தது. அதோடு முடிந்தது.

இந்தப் புதிய கணக்கைப் புரிந்துகொள்ளாமல் அடிபட்டவர்கள் உண்டு. அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் 1982இல் பெரும்புகழ் பெற்ற ‘ஈ.டி.’ திரைப்படத்தின் பெயரில் விளையாட்டுக் கேசட் செய்தது. கிறிஸ்துமஸுக்குள் கடைக்கு வர வேண்டும் என்பதால், அதை உருவாக்கிய ஹவர்ட் ஸ்காட் வார்ஷா என்பவருக்குக் கிடைத்த காலம் ஏறத்தாழ ஐந்து வாரம். கேசட்டுகளோ ஏறத்தாழ 4 மில்லியன். பண்டிகை நாட்களில் நன்றாகவே விற்றது. முதல் வாரத்துக் கூட்டம் அப்படியே நிற்கும் என்று நம்பினார்கள் போலும். ஆடிப் பார்த்த பிள்ளைகள் ‘குழியில் விழுந்து எழுவதைத் தவிர இதில் ஒன்றுமில்லை’ என்று பேசத் தொடங்கியதும் விற்பனை நின்றது. விற்காத கேசட்டுகள் கடைகளிலிருந்து குவியல் குவியலாகத் திரும்பி வந்தன. 1983 செப்டம்பரில், மற்ற பழைய கேசட்டுகளோடு சேர்த்து, நியூ மெக்சிகோ மாநிலத்தில் அலமகோர்டோ என்னும் ஊரின் குப்பைமேட்டில் லாரிகளில் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். வெறும் கட்டுக்கதை என்று பலர் எண்ணியிருந்தார்கள். 2014 ஏப்ரலில் தோண்டிப் பார்த்தபோது கேசட்டுகள் வெளியே வந்தன.

ஆனால் வியாபாரிகள் இதிலிருந்து கற்ற பாடம் வேறு. அதுவரை புதிய விளையாட்டு கடைக்குக் கடை வெவ்வேறு நாளில் வந்துகொண்டிருந்தது. இன்று வந்ததா, நாளை வருமா என்று கடைக்காரருக்கே தெரியாது. ஜப்பானிய நிறுவனமான சேகா, 1992 நவம்பர் 24, செவ்வாய்க்கிழமையை முன்கூட்டியே குறித்து, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒரே நாளில் ‘சோனிக் 2’ என்னும் நீலநிற முள்ளெலி விளையாட்டை வெளியிட்டது. செவ்வாய்க்கிழமையின் ஆங்கிலப் பெயரில் இரண்டு என்ற எண்ணைச் செருகி, அந்த நாளுக்கே ஒரு பெயரும் வைத்தார்கள். தீபாவளிக்கு நாள் குறிப்பதுபோல் ஒரு கேசட்டுக்கு நாள் குறித்தாயிற்று! அந்த வழக்கம் நிலைத்துவிட்டது. மதகு கட்டப்பட்டது அப்போதுதான் என்று சொல்லலாம்.

விலைக்கு வருவோம், அதுதானே அந்த வீட்டு வழக்கின் மூலம்? 2020ஆம் ஆண்டு முதல் பெரிய விளையாட்டுகள் பலவற்றுக்கு 70 அமெரிக்க டாலர் விலை வைத்தார்கள். நம் காசுக்கு ஏறத்தாழ 280, 300 வெள்ளி. 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. இருபத்தாறு நாளுக்குப் பகிர்ந்தால் நாளுக்கு 65 வெள்ளி சொச்சம். ஆக, பையன் கேட்டது தகப்பனாரின் நான்கு நாள் உழைப்புக்கும் மேலே. அவர் பேசாமல் இருந்ததில் வியப்பில்லை.

சில மாதம் பொறுத்தால் அதே விளையாட்டுப் பாதி விலைக்கு வருவதும் உண்டு. ஏன் இறக்குகிறார்கள்? என்ன விலை சொன்னாலும் வாங்குகிறவர்கள் முதல் வாரத்திலேயே வாங்கிப் போய்விட்டார்கள். மீதி இருப்பவர்கள் கையை இறுக்கிக்கொண்டு நிற்பவர்கள். அவர்களைக் கடைக்குள் இழுக்க விலை இறங்கத்தான் வேண்டும். ரொனால்ட் கோஸ் என்னும் பொருளியல் அறிஞர் 1972இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதன் மறுபக்கத்தைக் காட்டினார். நீடித்து உழைக்கும் பொருளை விற்பவன் பிறகு விலையைக் குறைப்பான் என்று வாங்குவோருக்குத் தெரிந்துவிட்டால், அவர்கள் காத்திருப்பார்கள். விற்பவனுக்குத் தானே போட்டி ஆகிவிடுகிறான். அவருக்கு 1991இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் அம்மாமார்கள் தீபாவளி முடிந்த மறுவாரம் துணிக்கடைக்குப் போய் மலிவில் சேலை எடுப்பதும் இதே அறிவுதான். பரிசுதான் கிடைக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. வட்டில் வரும் விளையாட்டை ஆடி முடித்தவர் அதை மற்றவருக்கு விற்றுவிடலாம். இரண்டாம் கைக்குப் போகும் வட்டில் தயாரித்தவருக்கு ஒரு காசும் இல்லை. ஆடி முடிக்க இரண்டு வாரம் என்றால், மூன்றாம் வாரம் பழைய வட்டுகள் புதிய வட்டுகளுக்குப் போட்டியாகக் கடையில் வந்து உட்கார்ந்துவிடும். அதற்கு முன் விற்றுத் தீர்க்கவே இத்தனை பரபரப்பு.

சரி, முதல் வாரத்தில் ஓடிப்போய் வாங்கியவருக்குக் கிடைப்பதுதான் என்ன? 2020 டிசம்பர் 10இல் போலந்து நாட்டு நிறுவனம் ஒன்று ‘சைபர்பங்க் 2077’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. 8 மில்லியன் பேர் கண்ணால் காணாமலே முன்பதிவு செய்திருந்தார்கள். பத்தே நாளில் 13 மில்லியன் விற்றது. ஆனால் வீட்டில் போட்டுப் பார்த்தால், பழைய இயந்திரங்களில் படம் உறைந்து நின்றது. ஆட்டம் பாதியில் அறுந்தது. ஏறத்தாழ ஒரு வாரத்தில் சோனி நிறுவனம் தன் இணையக் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டு, பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. பிறகு குறைகளை ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள். மொத்த விற்பனை 25 மில்லியனைத் தொடுவதற்கு 2023 வரை ஆயிற்று. முதல் பாதி பத்து நாளில். மறு பாதி ஏறக்குறைய மூன்று ஆண்டில். பிந்தி வாங்கியவர்கள் குறைந்த விலை கொடுத்து நல்ல விளையாட்டைப் பெற்றார்கள். முழு விலை கொடுத்தவர்கள் அதைச் சோதித்துப் பார்க்கும் வேலையைச் சம்பளமில்லாமல் செய்தார்கள் என்பது என் கருத்து.

முதல் வாரமே இல்லாமல் வளர்ந்ததும் உண்டு. ‘அமாங் அஸ்’ என்னும் சிறிய விளையாட்டு 2018 ஜூனில் வந்தது. இரண்டு ஆண்டு அதைக் கவனித்தவர் மிகச் சிலரே. 2020இல், பெருந்தொற்றுக் காலத்தில் எல்லாரும் வீட்டில் அடைந்து கிடந்தபோது, ஒருவர் ஆடுவதை மற்றவர் பார்த்து, அவர் இன்னொருவரை அழைத்து, உலகம் முழுதும் பரவிவிட்டது. ‘ஹரிதாஸ்’ ஓடியதுபோல, வாய்ச் சொல்லாலே.

ஆயினும் அந்தப் பையன் சொன்னதில் ஓர் உண்மை இருந்தது; அதை நாம் தள்ளிவிடக் கூடாது. “யாரும் அதைப் பத்திப் பேசவே மாட்டாங்க” என்றான் அல்லவா? அவன் கேட்டது விளையாட்டை மட்டுமன்று. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் நண்பர்கள் கூடிப் பேசும்போது தானும் பேச ஓர் இடம் கேட்டான். விளையாட்டு கெடாமல் இருக்கும். அந்த இடம் இரண்டு வாரத்தில் கெட்டுவிடும். நிறுவனங்கள் முதல் வாரத்தில் முழு விலைக்கு விற்பதில் பாதி அதுதான்.

இதை அன்று மாலை தாத்தாவிடம் சொன்னேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, “திடல்ல படம் போடுறப்போ முன்னால உட்கார நாங்களும் அடிச்சுக்குவோம். பின்னால இருந்தாலும் அதே படம்தான் தெரியும்” என்றார்.

சென்ற வாரம் அந்த வீட்டிலிருந்து செய்தி வந்தது. வகுப்புத் தோழன் ஒருவன் முதல் வாரத்திலேயே வாங்கி, ஆடி முடித்துவிட்டானாம். வட்டைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறானாம். பையன் தகப்பனாரிடம் சொல்லியிருக்கிறான். இன்னும் கொஞ்சம் குறைப்பானா என்று கேட்டுப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார் அவர்.