மூலப்படி யாரிடம்?

கணினியில் ஒரு கோப்பு சிதைந்தால், அதைச் சீராக்கச் சிதையாத படியொன்று எங்கேனும் இருந்தாக வேண்டும். அப்படி யார் கையில் இருந்தது என்பதே விண்டோஸ் செப்பனிடலின் வரலாறு.

1995இல் வெளியான விண்டோஸ் 95இல் பல மென்பொருள்கள் ஒரே டி.எல்.எல். கோப்புகளைப் பகிர்ந்துகொண்டன. புதிதாக நிறுவிய ஒன்று தன் பழைய படியை அதன்மேல் எழுதிவிட்டால், மற்றவை முடங்கின. 'டி.எல்.எல். நரகம்' என்றே அந்நிலைக்குப் பெயர் வந்தது. 1998இல் விண்டோஸ் 98 கோப்புச் சரிபார்ப்பானைத் தந்தது. மாறிய கோப்பை அது காட்டும். நாம் குறுந்தகட்டிலிருந்து மூலத்தை எடுத்தளிப்போம். விண்டோஸ் 2000 நல்ல படிகளை வன்தட்டிலேயே சேமித்து, நம்மைக் கேளாமலே மாற்றிக்கொண்டது. 2007இல் வீடுகளுக்கு வந்த விஸ்டா, நிர்வாகிக் கணக்கும் நேரடியாகத் திருத்த இயலாதவாறு அக்கோப்புகளைப் பூட்டியது. 2012இல் வெளியான விண்டோஸ் 8 முதல், அச்சேமிப்பே பழுதுற்றால் மைக்ரோசாஃப்டிடமிருந்து இணையவழி மூலம் வருகிறது.

நரகம் நீங்கியது உண்மை. ஆனால் மேசை இழுப்பறையில் இருந்த மூலம், படிப்படியாக நம் கையைவிட்டு அகன்றது. எனினும், அதே பதிப்பின் நிறுவல் கோப்பைச் சேமித்து வைத்திருந்தால், இணையமின்றியும் அதையே மூலமாகக் காட்டிச் செப்பனிடலாம். அவ்வழி இன்னும் அடைபடவில்லை. படியைக் காப்பது நம் பொறுப்பு.