மூன்றாவது நாடா

காஞ்சிபுரத்துக்குப் போகிறவர்களை இரண்டு வகையாகப் பிரித்துவிடலாம். சாமி பார்க்கப் போகிறவர்கள் ஒரு வகை. சேலை வாங்கப் போகிறவர்கள் மற்றொரு வகை. கோயில் முதலிலா, கடை முதலிலா என்பதில் கணவன் மனைவிக்குள் அபிப்பிராய பேதம் உண்டாவதும், முடிவில் சாமி காத்திருக்க நேர்வதும் உண்டு. என் வீட்டு அநுபவத்தைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

நான் மட்டும் வேறொரு காரியத்துக்காகப் போகிறேன். கைலாசநாதர் கோயிலுக்குப் போகிற வழியில் பிள்ளையார்பாளையம் என்று நெசவாளர் பகுதி ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, உள்ளே ஓடும் தறியின் சத்தத்தைச் சற்று நேரம் கேட்டுவிட்டு வருவேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

1962-ஆம் வருஷத்துக் கோடை விடுமுறையில் என்னைப் பிள்ளையார்பாளையத்திலிருந்த சித்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். எனக்கு அப்போது பதினோரு வயது. அடுத்த வீட்டில் தறி இருந்தது. தரையில் குழி வெட்டி, அதற்குள் காலை விட்டு மிதிக்கட்டையை மிதித்து நெய்கிற குழித்தறி. தறிக்காரருக்குப் பக்கத்தில், அதே பலகையில், என் வயதுப் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவர் ஒன்றும் சொல்லமாட்டார். தொண்டையைக் கூடக் கனைக்கமாட்டார். ஆனால் அவர் கை நாடாவை எறிந்த மறு கணமே இவன் கையும் தன் சிறு நாடாவை எறியும். காலையில் ஆரம்பித்தால் விளக்கு வைக்கிற வரையில் இதுதான் வேலை.

எனக்கு அவன்மேல் பொறாமையாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? அவனுக்குக் கணக்குப் பாடம் கிடையாது. வாரம் பிறந்தால் கூலி கிடைத்தது. எனக்குக் கணக்கு வாத்தியாரிடம் கிடைத்தது வேறு. ‘கொடுத்து வைத்தவன்’ என்று எண்ணிக்கொண்டேன். அந்த எண்ணத்துக்காக வெட்கப்பட எனக்கு வெகு காலம் பிடித்தது.

அந்தப் பையன் அங்கே எதற்காக உட்கார்ந்திருந்தான்? அதைச் சொல்ல வேண்டுமானால் ‘கோர்வை’யைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

காஞ்சிப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை, மாம்பழ மஞ்சளுக்கு நாவற்பழக் கரை. நீளவாட்டில் ஓடும் பாவு நூலில் நிறத்தை மாற்றுவது சுலபம். அரக்குப் பாவின் இரண்டு பக்கத்திலும் பச்சைப் பாவைச் சேர்த்துவிடலாம். சங்கடமெல்லாம் குறுக்கே போகும் ஊடையில்தான். அரக்கு ஊடை கரை வரைக்கும் ஓடினால், பச்சைக் கரை பச்சையாக இராது. இரண்டும் கலந்து ஒரு மங்கல் நிறம் காட்டும். கரை சுத்தமான பச்சையாக இருக்க வேண்டுமானால் அதற்குப் பச்சை ஊடையே வேண்டும். ஆகவே நாடாக்கள் மூன்று: இடது கரைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, வலது கரைக்கு ஒன்று. உடலின் ஊடை கரையின் ஓரம் வரை வந்து, அங்கே கரையின் ஊடையோடு கை கோத்துக்கொண்டு திரும்பிவிட வேண்டும். கோப்பதால் கோர்வை. அந்த இணைப்பு எவ்வளவு உறுதியென்றால், சேலை நைந்தாலும் நையும், கரை பிரியாது என்பார்கள்.

ஒரு மனிதனுக்கு இரண்டு கைகள்தானே? உடல் நாடாவையும் ஒரு கரை நாடாவையும் தறிக்காரர் பார்த்துக்கொள்வார். மூன்றாவது நாடாவுக்குத்தான் அந்தப் பையன்.

நெசவின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். தறியில் வந்த புது யந்திரங்களில் பெரியவை இரண்டும் யாரோ ஒரு கையாளை எழுந்து போகச் சொல்லத்தான் வந்தன. இங்கிலாந்தில் அகலமான கம்பளித் துணி நெய்ய இரண்டு பேர் வேண்டியிருந்தது. இந்தப் பக்கம் ஒருவர் நாடாவை எறிய, அந்தப் பக்கம் ஒருவர் பிடிக்க வேண்டும். 1733-ல் ஜான் கே என்பவர், கயிற்றைச் சுண்டினால் நாடா தானாக ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பறக்கும்படி செய்தார். இரண்டாவது ஆள் தேவையில்லாமல் போயிற்று. அதற்காக ஜான் கேயை யாரும் கொண்டாடவில்லை. நெசவாளர்கள் பகைத்தார்கள், முதலாளிகள் அவருடைய யந்திரத்தை எடுத்துக்கொண்டு பணம் கொடுக்காமல் இழுத்தடித்தார்கள். அவர் பிரான்சுக்குப் போய், அங்கேயே காலமானார்.

அதே பிரான்சில் லியோன் என்ற பட்டு நகரம். அதை அவர்களுடைய காஞ்சிபுரம் என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே பூ வேலை செய்ய, தறியோடு கட்டிய கயிறுகளை வரிசைப்படி இழுத்து, வேண்டிய பாவு இழைகளை மட்டும் தூக்கித் தருவதற்கு ஒரு கையாள் இருப்பான். பெரும்பாலும் சிறுவர்களும் பெண்களும்தான். 1804-ல் அந்த ஊர் நெசவாளி மகன் ஜக்கார்டு, துளையிட்ட அட்டைகளைக் கொண்டு அந்த வேலையைச் செய்வித்தார். துளை இருந்தால் இழை எழும்பும், இல்லாவிட்டால் எழும்பாது. நெப்போலியனுடைய அரசாங்கம் அந்த யந்திரத்தைப் பொதுச் சொத்தாக்கி, அவருக்கு உபகாரச் சம்பளமும் கொடுத்தது.

அந்த அட்டையின் கதை அங்கே முடியவில்லை. இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் என்ற கணித மேதை, தாம் கற்பனை செய்த கணக்கு யந்திரத்துக்கு அதே துளை அட்டைகளால் உத்தரவு கொடுக்கலாம் என்று எண்ணினார். ஜக்கார்டின் உருவத்தைப் பட்டில் நெய்த படம் ஒன்று அவரிடம் இருந்தது. அந்த ஒரு படத்துக்கு 24,000 அட்டைகள்! 1890-ல் அமெரிக்காவில் ஜனத்தொகைக் கணக்கைத் துளை அட்டைகளை வைத்துத்தான் கூட்டினார்கள். அதன் வழிவந்த கம்ப்யூட்டர், இன்று காஞ்சிபுரத்துத் தறிகள் சிலவற்றின் மேலேயே ஏறி உட்கார்ந்து, எந்த இழை எழும்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. பிறந்த வீட்டுக்கு வந்த பெண் அதிகாரம் செய்வது போலத்தான்.

நம் ஊருக்குத் திரும்புவோம். காஞ்சி நெசவாளர் நேற்று வந்தவர்கள் அல்லர். பத்தாம் நூற்றாண்டில் உத்தம சோழன் காலத்துச் செப்பேடு ஒன்று இந்த ஊர் நெசவாளர் சேரிகளைக் குறிப்பிடுகிறது. கோயில் காரியங்களைக் கவனிக்கும் பொறுப்பு அவர்களிடம் இருந்ததையும் சொல்கிறது. பூ வேலைக்கு அவர்களிடமும் ஒரு தந்திரம் இருந்தது. அதற்கு ‘அடை’ என்று பெயர். பூவின் உருவம் முழுவதையும் நூல் முடிச்சுகளாகத் தறியிலேயே கட்டி வைத்துவிடுவார்கள். அவற்றை வரிசைப்படி இழுக்க அங்கேயும் ஒரு கையாள் உண்டு. இருபதாம் நூற்றாண்டில் ஜக்கார்டுப் பெட்டி காஞ்சிக்கு வந்ததும் அந்தக் கையாளுக்கும் வேலை போயிற்று.

பறக்கும் நாடாவும் சென்னை மாகாணத்துக்கு வந்தது. ஆல்பிரட் சாட்டர்டன் என்ற வெள்ளைக்காரர், அரசாங்க உத்தியோகத்திலிருந்தவர், கைத்தறியைச் சீர்திருத்த வேண்டும் என்று பாடுபட்டார். 1906-ல் சேலத்தில் அரசாங்க நெசவுச்சாலை ஒன்று ஏற்பட்டது. சர்க்கார் வியாபாரம் செய்யலாகாது என்று 1910-ல் லண்டனிலிருந்து உத்தரவு வந்து, சாலை மூடப்பட்டது. ஆனால் பறக்கும் நாடா நிற்கவில்லை. பருத்தித் தறிகளில் மளமளவென்று பரவியது. காஞ்சியிலும் கோர்வையில்லாத சேலைக்கு அது உதவிற்று.

கோர்வைக்கு மாத்திரம் அது பிரயோசனப்படவில்லை. காரணம் எளிது. பறக்கும் நாடாவுக்குப் பறக்கத்தான் தெரியும். பாதி வழியில் நிற்கத் தெரியாது. கோர்வையிலோ நாடா கரையோரத்தில் நின்று, கை கோத்துவிட்டுத் திரும்ப வேண்டும். ஜான் கே ஒரு கையாளை அனுப்பினார். ஜக்கார்டு ஒருவனை அனுப்பினார். மூன்றாவது நாடாவின் பையனை அனுப்ப யாரும் வரவில்லை. உலகம் சந்திரனுக்குப் போய்த் திரும்பிய பிறகும் அவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

இங்கே என் குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1979-ல் என் தங்கை கல்யாணத்துக்கு அரக்கில் பச்சைக் கோர்வை வாங்கினோம். ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லி ஒரு மணி நேரம் பேரம் பேசியவன் நான்தான். பிறகு அந்தச் சேலையை என் நாவல் ஒன்றில் கதாநாயகிக்கு உடுத்திவிட்டு, கரையின் அழகை அரைப் பக்கம் வர்ணித்தேன். வாசகர்கள் கடிதம் எழுதிப் பாராட்டினார்கள். அந்த அரைப் பக்கத்தில் பையன் இல்லை. பார்த்தவன் நான், பலகையில் அவன் உட்கார்ந்திருந்த இடம்கூட எனக்குத் தெரியும். ஆனாலும் அவனை விட்டுவிட்டேன்.

சட்டங்கள் வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். 1985-ல் பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்து, 22 வகைத் துணிகளைக் கைத்தறிக்கென்று ஒதுக்கியது. பிற்பாடு அது 11 ஆகக் குறைந்தது. விசைத்தறியிடமிருந்து கைத்தறியைக் காப்பாற்ற வந்த சட்டம் அது. அதற்கு அடுத்த வருஷம், 1986-ல், குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. குழந்தைகளை வைக்கக் கூடாத தொழில்களில் நெசவையும் சேர்த்திருந்தார்கள். ஆனால் குடும்பத்தார் துணையோடு செய்கிற தொழிற்கூடத்துக்கு விலக்கு உண்டு என்று ஒரு வாசகம் இருந்தது. பிள்ளையார்பாளையத்தில் தறி எங்கே இருக்கிறது? வீட்டுக்குள்ளே. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பையன் மகனா, முன்பணம் கொடுத்துக் கொண்டுவந்த பிள்ளையா என்று வாசலில் நின்று பார்க்கிற அதிகாரிக்கு எப்படித் தெரியும்? 2003-ல் மனித உரிமைக் கண்காணிப்பகம், பட்டுத் தொழிலில் கொத்தடிமையாயிருந்த குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம் பெற்றது. 2009-ல் கட்டாயக் கல்விச் சட்டம். 2016-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தி, பதினான்கு வயதுக்குக் கீழே எந்த வேலையும் கூடாது என்றார்கள். பள்ளி நேரம் போக வீட்டுத் தொழிலில் கை கொடுக்கலாம் என்ற விலக்கு மட்டும் இன்னும் இருக்கிறது.

சென்ற தை மாதத்தில் அந்தத் தெருவுக்குப் போனேன். சித்தி இல்லை, சித்தி வீடும் கை மாறிவிட்டது. அடுத்த வீட்டில் தறி இருந்தது. குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருந்தவர் என் வயதுக்காரர். பேச்சுக் கொடுத்தேன். 1962-ல் மூன்றாவது நாடாவோடு உட்கார்ந்திருந்தவர் அவர்தான் என்று தெரிந்தபோது, என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கோ என்னை ஞாபகமில்லை.

“மத்தியானம் பள்ளிக்கூடத்துல சோறு போடுவாங்க. அதுக்கு மட்டும் ஓடிப் போயிட்டு வந்துடுவேன். வாத்தியார் கண்டுக்க மாட்டார், நல்ல மனுஷன்” என்று சிரித்தார்.

“அந்தக் காலத்திலேயே மூணாவது நாடாவுக்கு ஒரு யந்திரம் வந்திருந்தால் நீங்கள் படித்திருப்பீர்கள், இல்லையா?” என்று கேட்டேன்.

அவர் நாடாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “எப்படிங்க? யந்திரம் வந்திருந்தா அந்தக் கூலியும் இல்லாம போயிருக்கும். எங்கப்பா வாங்கின முன்பணத்துக்கு வேற எங்கயாவது விட்டிருப்பாரு. யந்திரம் ஆளை வெளியில அனுப்பும். பள்ளிக்கூடத்துக்கா அனுப்பும்?”

எனக்குச் சுரீரென்றது. சரித்திரப் புத்தகங்களை வைத்துக்கொண்டு நான் கட்டியிருந்த கோட்டை அந்த ஒரு கேள்வியில் இடிந்துவிட்டது. அவர் சொன்னது உண்மைதானே? இங்கிலாந்தில் வீட்டுத் தறியை விட்டு வெளியேறிய குழந்தைகள் எங்கே போயின? யந்திர ஆலைகளுக்குத்தான். 1819-ல் சட்டம் வந்துதான் ஒன்பது வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள் பஞ்சாலையில் வேலை செய்யக் கூடாது என்றது. கையை விடுவிக்க யந்திரத்தால் முடியும். குழந்தையை விடுவிக்கச் சட்டமும், சோறும், பள்ளிக்கூடமும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தகப்பனுக்குப் போதிய கூலியும் வேண்டும்.

“இப்போது பையன்கள் வருகிறார்களா?”

“யாரும் வரதில்லைங்க. வரவும் வேணாம். என் பேத்தி காலேஜுல படிக்குது.”

அப்படியானால் மூன்றாவது நாடா? அதைக் கேட்பதற்குள் உள்ளேயிருந்து ஓர் அம்மாள் புடைவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அடுப்பில் உலையை ஏற்றிவிட்டு வந்திருக்கிறாள் போலிருக்கிறது. பலகையில், அந்தப் பழைய இடத்தில் உட்கார்ந்து, சிறு நாடாவைக் கையில் எடுத்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கை எறிந்ததும் அவள் கையும் எறிந்தது.

“இவங்களுக்குக் கூலி?” என்றேன்.

“சேலைக்குத்தானே கூலி? ஆளுக்கா?” என்றாள் அந்த அம்மாள்.

இப்போது அந்தப் பகுதியில் கோர்வை நெய்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ஒற்றை நாடாவில் ஓடுகிற சேலையில் வேலை சுருக்கம். பக்கத்தில் ஆள் வேண்டியதில்லை. கலை அழிகிறதே என்று நாம் அங்கலாய்க்கிறோம். அங்கலாய்க்க எனக்கு என்ன உரிமை என்று நான் யோசித்துப் பார்க்கிறேன். பையன் எழுந்து போனதால் கோர்வை குறைந்தது என்றால், இத்தனை காலம் கோர்வை நம் கைக்கு எட்டும் விலையில் கிடைத்ததற்கு அவன்தான் காரணம் என்று ஆகிறது. ஒரு முழு ஆளின் கூலியை அந்த இடத்துக்குக் கொடுத்தால் கோர்வை பிழைக்கும். அதைக் கொடுக்க வேண்டியது நாம்தான்.

அன்று ஒரு சேலை வாங்கினேன், கோர்வைதான். அவர் சொன்ன விலையைக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் விலையைக் கேட்டுவிட்டு, “பேரமே பேசவில்லையா? உங்களுக்கு உடம்பு சரியில்லையா?” என்று என் மனைவி விசாரித்தாள்.

1979-ல் குறைத்த ஐம்பது ரூபாயைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன்.