உருமி மேளம் கலையா, கூச்சலா?

ஈப்போ நகரிலும் அதனைச் சூழ்ந்த பழைய தோட்டப் பகுதிகளிலும் நம்மவர் நால்வர் கூடியிருக்கும் இடத்தில் உருமி மேளம் என்ற சொல்லை யாரேனும் எடுத்துவிட்டால் போதும். கூட்டம் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கும். "அது நம் இரத்தத்தில் ஊறிய கலை" என்பர் ஒரு சாரார். "கலையாவது! காதைத் துளைக்கும் கூச்சல், பிறர் நம்மை இகழ்வதற்கு நாமே கொட்டிக்கொள்ளும் முரசு" என்பர் மற்றொரு சாரார். முன்னவர் பெரும்பாலும் இளைஞர். பின்னவர் பெரும்பாலும் படித்துத் தலை நரைத்தவர். இரு சாராரும் நம்மவரே. ஆதலின் இவ்வழக்கை ஒருபுறம் சாயாது, வரலாற்றை முன்வைத்து ஆராய்தல் நம் கடமையாகின்றது.

இவ்வாராய்ச்சிக்கு நம்மைத் தூண்டியது ஒரு சாவு வீடு. நாம் கிராணியாக இருந்து கணக்கெழுதும் தோட்டத்தில் இன்று பால்மரம் ஒன்றேனும் இல்லை. எங்கு நோக்கினும் செம்பனையே. ஆயினும் பழைய லயத்தில் சில குடும்பங்கள் இன்னும் குடியிருக்கின்றன. அங்கு நாற்பது ஆண்டுகள் பால் வெட்டிய முதியவர் ஒருவர் காலமானார். அவருடைய தந்தையார் காலந்தொட்டு அவ்வீட்டில் ஒரு விதி உண்டு: இனி நம் வீட்டார் எவர் சாவிலும் தப்பு அடிக்கலாகாது, நம் வீட்டுச் சாவிலும் அது ஒலிக்கலாகாது. முதியவரின் பேரனோ ஈப்போவில் ஒரு குழுவில் உருமி வாசிப்பவன். தாத்தாவைத் தன் மேளத்தோடுதான் வழியனுப்புவேன் என்றான் அவன். "ஐயா சொல்லைச் சாவன்றே மீறுவதா?" என்றார் அவன் தகப்பனார். உடல் நடுவீட்டில் கிடக்க, வழக்கு வாசலில் நடந்தது. அதன் முடிவைப் பின்னர்க் கூறுவோம்.

முதலில் உருமி இன்னதென்பதைக் கூறுதல் வேண்டும். இடை சிறுத்து இருபுறமும் அகன்ற மரக்கூட்டில் தோல் போர்த்திய கருவி அது. ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பர். மற்ற முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பர். அத்தேய்ப்பிலிருந்து எழும் ஒலி அடி அன்று. அது ஓர் உறுமல், ஒரு விம்மல். உருமி என்ற பெயரும் அவ்வொலியைக் குறித்ததே. அதனோடு பம்பையும் தவிலும் வேறு தோற்கருவிகளும் சேர்ந்தால் மேளம் நிறைவுறும். கோயில் திருவிழா, காவடி, திருமணம், சாவு ஆகிய எல்லாவற்றிலும் அது உண்டு. பாட்டோடு வாசிப்பதும் வழக்கமே. எனினும் அதன் உயிர் பாட்டில் இல்லை. பாடுவோன் நிறுத்திய பின்னரே கேட்போரின் கால்கள் தாமாக எழுகின்றன.

இனி மறுப்போரின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

அவர்தம் முதல் வாதம், சொல் இல்லாத இசையில் கருத்து இல்லை. கருத்து இல்லாதது மக்களை உயர்த்தாது என்பது. இது புதிய வாதமன்று. ஐரோப்பாவும் இதைப் பற்றி நெடுநாள் போரிட்டது. பேத்தோவன் 1824-இல் அரங்கேற்றிய ஒன்பதாம் சிம்பொனியின் முடிவில் மனிதக் குரலைச் சேர்த்தார். அதைக் காட்டி, கருவியிசை தனித்துச் செல்லக்கூடிய எல்லை அதுவே என்று வாக்னர் 1849-இல் எழுதினார். 1854-இல் வியன்னா நகரத்து விமர்சகர் ஹான்ஸ்லிக் அதற்கு மாறாக, இசையின் அழகு அசையும் ஒலிகளின் வடிவத்திலேயே இருக்கிறது, அதற்கு வெளியே வேறு பொருளைத் தேட வேண்டுவதில்லை என்று நிறுவ முயன்றார். வழக்கு இன்றுவரை முடியவில்லை. 1995-இல் ஸ்காத்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தோன்றிய மொக்வாய் போன்ற குழுக்கள், கிதாரும் பறையும் கொண்டு பெரும்பாலும் பாட்டின்றியே நீண்ட இசை அமைத்தன. அவ்வகைக்குப் போஸ்ட்-ராக் என்று பெயரும் இட்டனர். அது ஆழமானது என்பாரும், வெறும் ஓசையின் ஏற்ற இறக்கம் என்பாரும் அங்கும் உளர்.

இங்கே நாம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். ஆங்கிலப் பள்ளியில் பயின்ற நாம், அத்தகைய குழுக்களின் இசையை இரவில் விளக்கணைத்துக் கேட்டு வியந்தோம். காது அடைக்கும் அளவுக்கு அது உயர்ந்தபோதும் அதனைக் கூச்சல் என்றோமில்லை. அதே மாலையில் தெருவில் உருமி சென்றால் சன்னலைச் சாத்தினோம். இரண்டிலும் சொல் இல்லை. இரண்டிலும் மெல்லத் தொடங்கி மலைபோல் உயரும் கதி உண்டு. வாசித்தவன் யார் என்பதொன்றே வேறு. அன்று நாம் காதால் தீர்ப்புச் சொல்லவில்லை, அறிமுகத்தால் சொன்னோம்.

தமிழகத்தில் தமிழிசைக் கிளர்ச்சி எழுந்தபோதும் இவ்வுண்மை ஒருவாறு வெளிப்பட்டது. 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாநாடு கூடிற்று. 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் நிறுவப்பெற்றது. தமிழர் அவையில் தமிழ்ப் பாட்டு ஒலிக்கவேண்டும் என்ற அக்கோரிக்கை முற்றும் நியாயமானது. ஆனால் அவ்வழக்கு பாட்டின் மொழியைப் பற்றியது. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை நாகசுரத்தில் தோடியை விரித்து ஆலாபனை செய்தபொழுது, அது தெலுங்கா தமிழா என்று வினவுவார் எவருமிலர். சொல் இல்லாமையாலேயே அது பண்டிதருக்கும் பாமரருக்கும் ஒன்றாய்ப் பாய்ந்தது. சொல்லின்மை குறைவு என்பது மெய்யாயின், அந்தத் தோடியையும் நாம் தள்ளிவிட வேண்டும். தள்ள எவரும் உடன்படார்.

இரண்டாவது வாதமே கனமானது. "தோற்கருவி நமக்கு இழிவைத் தந்தது, அதை ஒழிக்கவே நம் முன்னோர் பாடுபட்டனர், ஒழித்ததை மீண்டும் தோளில் மாட்டுவதா?" என்பது அது. இதனை எளிதாகப் புறந்தள்ளுதல் நேர்மையன்று.

பழந்தமிழர் பறையை இழிவாகக் கருதவில்லை. தொல்காப்பியம் நிலந்தோறும் உரிய கருப்பொருள்களை எண்ணுமிடத்தில் பறைக்கும் இடம் அளித்தது. மாங்குடி கிழார் பாடிய புறநானூற்றுப் பாட்டொன்று பாணர், பறையர், துடியர், கடம்பர் ஆகிய குடிகளைப் பெருமையோடு பேசுகின்றது. சிலப்பதிகாரத்துக்கு உரை வகுத்த அடியார்க்கு நல்லார், குடமுழா, திமிலை, தண்ணுமை, உடுக்கை, பேரிகை என முப்பது வகைக்குக் குறையாத தோற்கருவிகளைக் கணக்கிட்டு வைத்துள்ளார். பின்னாளில் சாதிக் கட்டுப்பாடு இறுகியது. ஊராரின் சாவுக்குக் கொட்டுவதும், செத்த மாட்டை அகற்றுவதும், சாவுச் செய்தி சுமந்து செல்வதும் ஒரு குலத்தின்மேல் கட்டாய ஊழியமாக ஏற்றப்பட்டன. கொட்ட மறுத்தவன் அடிபட்டான்; கொட்டியவன் தீண்டத்தகாதவன் ஆனான். கருவி அன்று விலங்காயிற்று.

அந்த விலங்கு கடல் கடந்தும் வந்தது. பேராக்கிலுள்ள கோலகங்சாரில் 1877-இல் நட்ட சில கன்றுகளிலிருந்து இந்நாட்டு ரப்பர்த் தொழில் தளிர்த்தது. மரம் பெருகவே ஆள் வேண்டியதாயிற்று. கங்காணி தன் ஊருக்குச் சென்று தன் ஊராரையே திரட்டி வந்தமையால், அவர்களுடன் ஊரின் சாதியும் கப்பலேறிற்று. 1938-இல் இந்திய அரசாங்கம் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தவரை இது நீடித்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலோ, விடியுமுன் தொழிலாளரை எழுப்பிக் களத்துக்கு அழைப்பதற்கே பெரட்டுத் தப்பு ஒலித்தது. ஊரில் சாவுக்கு ஊழியம் செய்த கருவி அங்கே துரையின் கட்டளைக்கும் ஊழியம் செய்தது.

ஆதலின் 1929-ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் ஈ.வெ.ராமசாமி மலாயாவுக்கு வந்து ஈப்போவிலும் பேசிய காலத்தையொட்டி, தோட்டந்தோறும் சீர்திருத்தக் குரல் எழுந்தபோது, "தப்பை எறி" என்று தந்தையர் மைந்தருக்குக் கூறியதில் வியப்பில்லை. நாம் முன்னர்க் குறித்த வீட்டின் விதியும் அவ்வகையில் பிறந்ததே. அவ்விதி அந்நாளில் வீரம். அதனை இகழ்வோர் வரலாறு அறியார்.

ஆயினும் சீர்திருத்தம் எதனை எறியச் சொன்னது என்பதே கேள்வி. 1925-இல் தோன்றிய சுயமரியாதை இயக்கத்தின் தொடக்க ஆண்டுகளில், செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் நடந்த நிகழ்ச்சியொன்றை நம்மவர் இன்றும் நினைவுகூர்வர். நாகசுரக் கலைஞர் மதுரை சிவக்கொழுந்து ஊர்வலத்தில் தோளில் துண்டுடன் வாசித்து வந்தார். துண்டை எடுக்கவேண்டும் என்றனர் ஊரின் பெருந்தனக்காரர். எடுக்கவேண்டா என்று எதிர்த்து நின்றார் பட்டுக்கோட்டை அழகிரி. அவர் "நாகசுரத்தை எறிந்துவிடு" என்றாரில்லை. "துண்டை எடுக்காதே, வாசி" என்றார். வாசிப்பவனின் தோள் நிமிரவேண்டும் என்பதே கோரிக்கை. இராஜரத்தினம் பிள்ளையும் குடுமியைக் களைந்து கிராப்பு வைத்துக்கொண்டார். நின்று ஊதிய மரபை விட்டு மேடையில் அமர்ந்து வாசித்தார். அவர் இசையில் ஓர் இழையும் குறைந்ததில்லை. அதன் மதிப்போ பன்மடங்கு உயர்ந்தது.

நாகசுரத்துக்கு ஒரு நீதி, பறைக்கும் உருமிக்கும் வேறு நீதியா? "நாகசுரம் மங்கல வாத்தியம், பறை சாவு வாத்தியம்" என்று விடை கூறுவர் சிலர். இதுதான் நாம் ஒழிக்கப் புறப்பட்ட வருணப் பாகுபாடு. மனிதனைவிட்டு அது கருவியின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது, அவ்வளவே. தமிழகத்தில் ஒடுக்கப்பட்ட மக்களே 1990-களில் இதனை உணர்ந்து, கட்டாயமாகக் கொட்ட மறுத்த கையாலேயே விரும்பி மேடையில் பறையை ஏந்தினர். பெண்களும் ஏந்தினர். 2025-இல் மதுரைப் பகுதியைச் சேர்ந்த பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது. விருது ஒன்றால் இழிவு நீங்கிவிடாது. ஆயினும் காற்று எத்திசை வீசுகிறதென்பதை அது காட்டும்.

மூன்றாவது வாதம் ஒழுங்கைப் பற்றியது. சிங்கப்பூரில் 1973 முதல் தைப்பூச ஊர்வலத்தில் மேளம் கூடாதென விலக்கப்பட்டிருந்தது. 2016-இல் சில இடங்களில் மட்டும் இசைக்கு இடம் அளித்தனர். 2019-இல் மரபான தோற்கருவிகளும் துளைக்கருவிகளும் வழியில் ஒலிக்க அனுமதி கிடைத்தது. வரம்பு வகுத்தால் மேளமும் அமைதியும் ஒரு தெருவில் நடக்கக்கூடும் என்பதற்கு இது சான்று. ஆயினும் மறுப்போர் கூறும் குறைகள் பொய்யல்ல. குடித்துவிட்டு ஆடுவதும், குழுவுக்குக் குழு பகை வளர்ப்பதும், நள்ளிரவில் பிள்ளைகளின் உறக்கத்தைக் கெடுப்பதும், ஈப்போவில் கல்லுமலைக் காவடிக்கு முன்னாலும் சினிமா மெட்டையே திரும்பத் திரும்ப அடிப்பதும் கண்கூடு. இளைஞர் இவற்றைத் திருத்திக்கொள்ளாது "மரபு, மரபு" என்று முழங்குவாராயின், அவர் கட்சியில் நாம் நில்லோம்.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. 1950-களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர் பணத்தால் தோட்டம் வாங்கினார். சிலவே காப்பாற்றப்பட்டன. மற்றையவை வீட்டு மனைகளாயின, செம்பனையாயின. லயம் இடிந்தது, கோயில் பெயர்ந்தது. நகர ஓரத்து அடுக்கு வீட்டுக்குக் குடியேறியவன் நிலத்தைக் கொண்டு செல்லவில்லை. பட்டயத்தையும் கொண்டு செல்லவில்லை. அவன் பிள்ளை தோளில் தூக்கிச் சென்றது ஓர் உருமி. எழுதப்படாத தோட்டச் சரித்திரத்தில் எஞ்சிய ஏடு அது என்றால் மிகையாகாது.

இனி, அச்சாவு வீட்டின் முடிவைக் கூறுவோம். மாலைவரை வாதாடிய பின்னர், முதியவரின் தங்கை, எண்பதை நெருங்கும் பாட்டி, திண்ணையிலிருந்து எழுந்தார். "எங்கப்பா தப்பை வேண்டாம்னது அடிக்கத் தெரியாமலா? காசைத் தரையில வீசினாங்க, குனிஞ்சு பொறுக்கச் சொன்னாங்க, அதனால. இந்தப் பிள்ளைங்களுக்கு நாற்காலி போடு. நம்ம பந்தியில சோறு போடு. கூலியைக் கையில கொடு. அப்புறம் அடிக்கட்டும்" என்றார். மகன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு அவரே உள்ளே சென்று நாற்காலிகளை எடுத்து வந்து போட்டார். பேரன் வளைந்த குச்சியைத் தோலில் வைத்துத் தேய்த்தான். அவ்விம்மல் எழுந்தபோது, அதுவரை அழாத அந்த மகன் அழுதார்.

ஆகவே நம் முடிபு இது. முன்னோர் எறிந்தது அடிமைத்தனத்தை, கருவியை அன்று. இளைஞர் எடுத்தது கருவியை, அடிமைத்தனத்தை அன்று. இவ்விரண்டும் முரணல்ல, ஒரே பயணத்தின் இரண்டு அடிகள். நாம் செய்யத்தக்கன சில உள: உருமி அடிகளை அறிந்த முதியவர் மறையுமுன் அவற்றை எழுத்திலும் ஒலிப்பதிவிலும் காத்தல் வேண்டும், தமிழ்ப்பள்ளியில் ஆணுக்கும் பெண்ணுக்கும், எக்குலத்தார்க்கும் அதனைக் கற்பித்தல் வேண்டும், கலைஞனுக்குக் கூலியை எறியாது கையில் கொடுத்தல் வேண்டும். அதன்பின் நன்று, தீது என்று தாராளமாக வழக்காடுவோம். அவ்வழக்கில் காது தீர்ப்புச் சொல்லட்டும்; சாதி சாட்சிக் கூண்டுக்கும் வரவேண்டா.