தன்ராஜ் பிள்ளை: சரிவின் காலத்து நாயகன்

1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் சென்னையின் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் தங்கம் வென்றபின் இந்திய ஹாக்கி இறங்குமுகம் கண்டது. அந்த இறக்கத்தின் நடுவில், 1989-ல், இந்திய அணிக்குள் வந்தவர் தன்ராஜ் பிள்ளை. அவர் ஆடிய நான்கு ஒலிம்பிக்கிலும் அணி பிடித்த இடங்கள்: பார்சிலோனாவில் 7, அட்லாண்டாவில் 8, சிட்னியிலும் ஏதென்ஸிலும் மீண்டும் 7. ‘இவ்வளவு பெரிய ஆட்டக்காரர் இருந்து என்ன பயன்?’ என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கடைசியில் கிடைத்த இடத்தை மட்டும் வைத்து ஒருவரின் பங்கை அளந்தால், கூட ஆடிய பத்துப் பேரின் குறையும் நிர்வாகத்தின் குறையும் அவர் கணக்கில்தான் ஏறும்.

1998-ஐ மட்டும் எடுத்துக்கொள்வோம். உட்ரெக்ட் உலகக் கோப்பையில் 9-ஆம் இடம் பெற்ற இந்தியா, அதே ஆண்டு டிசம்பரில் பாங்காக் ஆசிய விளையாட்டில் தன்ராஜ் தலைமையில் தங்கம் வென்றது. 1966-க்குப் பிறகு, 32 ஆண்டு கழித்து வந்த தங்கம் அது. தென்கொரியாவுடனான இறுதி ஆட்டம் 1-1 என நின்று பெனால்டி ஸ்ட்ரோக்கில் முடிந்ததால், வெற்றி கோல்கீப்பர் ஆஷிஷ் பல்லாலுடையது என்பார்கள். அன்றைய ஆட்டத்துக்கு அது சரி. ஆனால் அணியை அந்த நாள்வரை கொண்டுவந்ததில், தொடரில் இந்தியாவுக்காக அதிக கோல் அடித்த தன்ராஜின் பங்கு பெரிது. பந்தோடு அவர் பாயும்போது தடுப்பாளர்கள் இருவராவது அவர்மேல் போயாக வேண்டும். அந்த இடைவெளியில் மற்றவர்கள் நுழைந்தார்கள். பயிற்சியாளர் கௌஷிக்கின் உழைப்பும் இதில் உண்டு. தலைவனின் ஓட்டமும் பயிற்சியாளரின் திட்டமும் சேர்ந்தால் அதே நாட்டு அணி எவ்வளவு தூரம் போகும் என்பதை உட்ரெக்டிலிருந்து பாங்காக் வரையிலான அந்த ஏழு மாதம் காட்டிவிட்டது.

அவர் முன்கோபி, நிர்வாகத்தோடு மோதி அணியைக் கெடுத்தார் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. கோபக்காரர் என்பதை மறுக்க வேண்டியதில்லை. எதற்காகக் கோபித்தார் என்று பார்க்க வேண்டும். புனே அருகே கட்கியில் ஆயுதத் தொழிற்சாலை மைதானத்தைப் பராமரித்த தமிழ்த் தொழிலாளியின் மகன் அவர். ஆவடித் தொழிற்சாலைக் குடியிருப்புகளை அறிந்த வாசகருக்கு அந்த வாழ்க்கையை விளக்க வேண்டியதில்லை. உடைந்த மட்டையைக் கட்டி ஆடி வளர்ந்தவர், நாட்டுக்காக ஆடுபவர்களின் வசதியும் ஊதியமும் போதாது என்று வெளிப்படையாகப் பேசினார். பாங்காக் தங்கத்துக்குப் பின் அவரும் ஆறு மூத்த வீரர்களும் ‘ஓய்வு’ என்ற பெயரில் நீக்கப்பட்டனர். வென்ற அணியைக் கலைத்தது நிர்வாகம். பழியை மட்டும் அவர்மேல் போடுவது அநியாயம்.

சிட்னி ஒலிம்பிக்கின் ஏமாற்றத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். போலந்தை வென்றால் அரையிறுதி. முன்னிலையில் இருந்த இந்தியா கடைசி நிமிடங்களில் கோல் வாங்கி 1-1 என வாய்ப்பை இழந்தது. முன்களத்தில் ஆடுபவர் பின்களத்தையும் காத்து நிற்க முடியாது. அந்த ஏமாற்றத்துக்குப் பிறகும், 2003-ல் 35 வயதில், ககன் அஜித் சிங், பிரப்ஜோத் போன்ற இளையவர்களோடு கோலாலம்பூருக்குத் தலைவராகப் போன தன்ராஜ், இறுதியில் பாகிஸ்தானை 4-2 என வென்று இந்தியாவுக்கு முதல் ஆசியக் கோப்பையைக் கொண்டுவந்தார்.